பச்சைப் பனியனும் இருபத்தொரு கல்லும்

திருப்பூருக்குத் தேவைப்பட்டது என் மனைவி. நான் கூடவே வந்த சாமான்.

மகன் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறான். மருமகள் இன்னொரு கம்பெனியில். பேரனுக்குப் பத்து மாதம். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள சரோஜா வேண்டும். சரோஜாவை மயிலாடுதுறையிலிருந்து கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். கூட்டிவந்து விட்ட பிறகு அந்த ஆளுக்கு வீட்டில் எந்த உபயோகமும் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. பேரனைத் தூக்கினால் அழுதான். கீழே விட்டால் சிரித்தான்.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயலில் இறங்கி நெல் கதிர்களை எண்ணி விளைச்சலைச் சொல்லும் உத்தியோகம். கதிர் போன பிறகும் எண்ணுவது போகவில்லை. கோவில்வழி என்ற பகுதியில் மகன் வாடகைக்கு இருந்த மாடியில் நின்று பார்த்தால் பதினொரு தண்ணீர்த் தொட்டி, மூன்று சாயம் போன வேப்பமரம், நான்கு பனியன் கம்பெனி தெரிந்தன. எண்ணி முடித்ததும் மறுபடி எண்ண வேண்டியிருந்தது. அதனால் மூன்றாம் நாள் காலை காலணியை மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்பினேன்.

ஓட்டம் ஊரிலேயே ஆரம்பித்த பழக்கம்தான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா அறுபத்தேழு வயதில் மாரடைப்பில் போனார். பெரியப்பாவும் அறுபத்தேழு. அண்ணன் ஒரு வருடம் கூடத் தாமதிக்காமல் அதே அறுபத்தேழு. எனக்கு அறுபத்தாறு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லை, வேணும்னா மெதுவா ஓடுங்க. பேசிக்கிட்டே ஓட முடியிற வேகம்தான் சரியான வேகம்," என்றார். அண்ணனுக்கும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆகவே நானாக ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். நிற்காமல், நடக்காமல் இருபத்தொரு கிலோமீட்டர். அதை ஓடிவிட்டால் எனக்கு இருப்பது அவர்களுடைய இதயம் இல்லை. இதில் விஞ்ஞானம் ஏதும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் தூக்கம் வர வேண்டுமே.

மயிலாடுதுறையில் ஏழு கிலோமீட்டர் வரை வந்திருந்தேன். அங்கே மேடு என்றால் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். திருப்பூரில் சாலையே அலையடிக்கிறது. தட்டையாகத் தெரியும் இடத்தில் தொடை சொல்லும், இது மேடு என்று. வீட்டுக்கு அருகில் இருந்த கல்லில் 'தாராபுரம் 43' என்று எழுதியிருந்தது. அங்கிருந்து '42'-க்குப் போவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. ஏழு கிலோமீட்டர் ஓடியவன் ஒன்றில் நின்றேன். காவிரிக்கரை உடம்பு இந்த ஊரை ஒத்துக்கொள்ளவில்லை.

மேடு கூடப் பழகிவிட்டது. பழகாதது இந்த ஊர்க்காரர்களின் மரியாதை.

ஓடத் தொடங்கிய இரண்டாம் நாள் ஒரு பைக் என் பக்கத்தில் வந்து நின்றது. "ஏனுங்க பெரியவரே, எங்க போகோணுமுங்க? ஏறுங்க, உட்டுட்டுப் போறேன்."

"எங்கயும் இல்லை. ஓடறேன்."

"அதான் பாக்கறனுங்களே. எங்கீங்க ஓடறீங்க?"

"சும்மா."

"சும்மா எதுக்குங்க ஓடோணும்? ஊட்டுல ஏதாச்சும் சடவுங்களா?"

வீட்டில் சண்டை ஏதும் இல்லை என்று நின்று விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த நூறு அடியில் ஒரு மினி லாரி. அதற்கடுத்து நூல் மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்துகொள்ளச் சொன்ன ஒரு ஆட்டோ. அன்றைக்கு மட்டும் ஒன்பது பேர். ஒருவர்கூடக் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் கொடுமை. கிண்டல் செய்தால் காதில் வாங்காமல் ஓடலாம். "ஏனுங்க" என்று ஒருவர் வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டையும் கழற்றிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தால் எப்படி ஓடுவது? எங்கள் ஊரில் ஒருவன் ஓடினால் "யாருக்குய்யா கடன் பாக்கி?" என்று கேட்டுவிட்டுத் தினசரியைப் பிரித்துவிடுவார்கள். இங்கே என்னைக் காப்பாற்றாமல் விடமாட்டார்கள்.

நின்றால் ஓட்டம் கணக்கில் சேராது. மூன்று வாரம் ஆகியும் நிற்காமல் நான்கு கிலோமீட்டரைத் தாண்ட முடியவில்லை. காலில் தெம்பு இருந்தது. மூச்சும் சீராகிவிட்டது. மேட்டில் அடியைச் சிறிதாக்கி, இறக்கத்தில் கையைத் தளரவிட்டு ஓடக் கற்றுக்கொண்டுவிட்டேன். மொத்தமாகக் கூட்டினால் ஒரு காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் கூட ஓடினேன். துண்டு துண்டாக. நடுநடுவே விசாரணை.

விசாரணை நடக்கும் இடம் பெரும்பாலும் பேக்கரி. இந்தப் பக்கத்தில் டீக்கடை என்பது பேக்கரிதான். டீயோடு தேங்காய் பன்னையும் பப்ஸையும் கண்ணாடிக்குள் வைத்து ஆசை காட்டுகிறார்கள். நிறுத்தியவர் டீ வாங்கிக் கொடுக்காமல் அனுப்பமாட்டார். ஒரு நாள் வடக்கத்தி இளைஞர்கள் இருவர் என்னைப் பார்த்து இந்தியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு இந்தி புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. "இந்தத் தாத்தாவைத் தினமும் யார் துரத்துகிறார்கள்?" என்றான் ஒருவன். "யாரும் இல்லை, தானே ஓடுகிறார்," என்றான் மற்றவன். "அப்படியானால் வீட்டில் பாட்டி இருக்கிறாள்," என்று முதலாமவன் முடிவு கட்டினான். மூன்று வாரத்தில் நான் கேட்ட ஒரே நேர்மையான கருத்து அது.

வீட்டுக்காரர் பழனிச்சாமி கீழ்த்தளத்தில் இருந்தார். அறுபத்தொரு வயது. வீட்டுக்குப் பின்னால் ஆறு மெஷின் போட்டு பனியன் துணி பின்னுகிறவர். நான் காலையில் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, "ஜாக்கிரதையாப் போய்ட்டு வாங்க," என்பார், போர்முனைக்கு அனுப்புவதைப் போல. அவர் மனைவி அரிசிம்பருப்புச் சோறு செய்தால் ஒரு போசி நிறைய மேலே வரும். அதைப் பொங்கல் என்றும் சொல்ல முடியாது, சாம்பார் சாதம் என்றும் சொல்ல முடியாது; ஆனால் இரண்டு தட்டு இறங்கிவிடும். இரண்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. தண்ணீர் மோட்டார் கேட்டால் உடனே ஓடும். ஏணி கேட்டால் ஆளோடு வரும்.

மார்கழி முடிவில் எனக்கு ஒரு புதுத் தொல்லை. நீண்ட நேரம் ஓடினால் வியர்வையில் நனைந்த பனியன் மார்புக் காம்பில் உரசி உரசி ரத்தம் கசியத் தொடங்கியது. வெள்ளைப் பனியனில் இரண்டு சிவப்புப் பொட்டு. பழனிச்சாமி வாசலில் என்னைப் பார்த்துப் பதறிப்போனார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எங்கூருப் பனியன் போட்டு ரத்தமுங்களா?"

"உங்கள் ஊர்ப் பனியன் இல்லை. மாயவரத்தில் வாங்கினது."

"அதுவும் இங்கிருந்துதானுங்க வந்திருக்கும்." பனியன் விளிம்பைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். அவருக்கு என் மார்பைவிட ஊரின் மானம் பெரிதாகப் போய்விட்டது. அன்று மாலையே ஒரு கட்டு மேலே வந்தது. கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்குகிற துணி. எல்லாம் பச்சை. ஐரோப்பாவுக்குத் தைத்த சரக்காம். உடம்பு ஒரு பச்சை, கை ஒரு பச்சையாக வந்துவிட்டது என்று வாங்குகிறவர்கள் தள்ளிவிட்டார்களாம்.

"காதர்பேட்டை மார்க்கெட்ல போட்டா போற வெலைக்குப் போயிருமுங்க. நீங்க போட்டு ஓடுங்க. உரசாது."

உரசவில்லை. நான் பொட்டும் இல்லாமல் பூவும் இல்லாமல் வீடு திரும்பினேன்.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருந்தபோது பழனிச்சாமியிடம் திட்டத்தைச் சொன்னேன். '43' கல்லில் தொடங்கி '22' கல்லில் முடிப்பது. நாளை மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் யாரும் நிறுத்தமாட்டார்கள். அவர் மொபெட்டில் முன்னால் போய் '22'-இல் காத்திருந்து என்னைத் திரும்பக் கூட்டி வர வேண்டும்.

"ஆகட்டுமுங்க," என்றார். பிறகு மெதுவாக, "நாஞ் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இருவத்தோரு கிலோமீட்டருக்கு பஸ்ஸு இருக்குதுங்க," என்றார்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சாலையில் ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டவன் நான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் வெயிலுக்கு முன் நடப்பார்கள் என்பது கூட எனக்குத் தோன்றவில்லை. கோயில் விஷயத்தில் என் அறிவு வாசல் வரைதான். சரோஜா உள்ளே போவாள். நான் செருப்புகளுக்குக் காவல். பழனிக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவள் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் முப்பது வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பிய அன்று சாலை முழுக்க ஜனம். பாதிப் பேர் பச்சை உடுத்தியிருந்தார்கள். அந்தப் பச்சைகளுக்கு நடுவே இரண்டு பச்சை கொண்ட பனியனோடு ஒரு நரைத்த தலை ஓடியது.

நூறு அடி போவதற்குள் ஒருவர், "ஏனுங்க" என்று ஆரம்பித்தார். போச்சு என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "நிறுத்தாத மாமா. ஓட்ட வேண்டுதலாட்ட இருக்குது."

"இந்த வயசுலயா?"

"சாமிக்கு வயசென்ன? வழி உடு."

வழி விட்டார்கள். இரண்டு மாதமாக என்னைக் காப்பாற்றத் துடித்த ஊர் அப்படியே இரண்டாகப் பிளந்து நின்றது. "அரோகரா!" என்றார்கள். கம்பெனி பஸ் ஒன்று எனக்காக ஓரம் ஒதுங்கியது. ஆறாவது கல்லுக்கு அருகில் வழக்கமாக என்னைத் துரத்தும் ஐந்து நாய்களையும் ஒரு பெண் துடைப்பத்தால் விரட்டிக்கொண்டிருந்தாள். மறுத்துச் சொல்லலாம்தான். சொல்ல மூச்சு வேண்டும். மூச்சை நான் இருபத்தொன்றுக்குப் பங்கு பிரித்து வைத்திருந்தேன். அதோடு உண்மையையும் சொல்கிறேன்: சொல்ல விருப்பமும் இல்லை. நிற்காமல் ஓடுவதற்குக் கிடைத்த முதல் சாலை அது.

அன்னதானப் பந்தல்களில் ஓடிவந்து மோர் கொடுத்தார்கள். ஓடிக்கொண்டே குடித்தேன், பாதி மோர் பச்சைக்குப் போயிற்று. பத்தாவது கல்லைத் தாண்டியபோது ஒரு விவசாயி கூடவே நாலு எட்டு ஓடிவந்து என் கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சை வைத்தார். "கதிர்வேலுங்க. போர் போடறேன், தண்ணி வரோணுமுங்க. உண்டியல்ல போட்டுருங்க." நான் வாயைத் திறப்பதற்குள் கும்பிட்டுவிட்டு நின்றுவிட்டார். போக முடியாதவர்கள் நடந்து போகிறவர்களிடம் இப்படிக் காணிக்கை கொடுத்து அனுப்புவது இங்கே வழக்கம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், முடிச்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் நிற்க வேண்டும் என்பதுதான். நிற்கவில்லை. கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒருவர் கொடுத்ததைப் பார்த்து அடுத்தவர். வெளிநாட்டு ஆர்டர் உறுதியாக வேண்டும் என்று காரிலிருந்து இறங்கி ஓடிவந்தவர் தொப்பையோடு என்னைவிட அதிகமாக மூச்சிரைத்தார். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி ஒரு முடிச்சு: மகள் கல்யாணம், மகன் பரீட்சை, வீட்டுக் கடன், மாமியார் மூட்டுவலி. மூட்டுவலி குறையவா கூடவா என்பதை அந்தம்மாள் சொல்லவில்லை.

பதினாறாவது கல்லில்தான் செல்வராணி வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் சாப்பாட்டுத் தூக்கு, காலில் ரப்பர் செருப்பு. பனியன் கம்பெனியில் காலை ஷிப்டுக்குப் போகிறவள். மற்றவர்கள் நாலு எட்டில் நின்றுவிட்டார்கள், இவள் நிற்கவில்லை.

நான் வேகத்தைக் குறைத்தேன். "நிக்காதீய சாமி!" என்று அதட்டினாள். "நின்னா வேண்டுதலு போயிரும். நீங்க பாட்டுக்கு ஓடுங்க, நான் கூடவே வந்து சொல்லுதேன்."

ஓடிக்கொண்டே சொன்னாள். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பிழைக்க வந்து ஆறு வருடம். மகளுக்கு நாலு வயது. "இன்னும் அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லல சாமி. காது கேக்குது. கூப்பிட்டா திரும்புதா. பேச்சுத்தான் வரல. டாக்டரு பொறுங்கங்காரு. நானும் பொறுத்துத்தான் பாக்கேன்." லீவு கேட்டால் சம்பளம் போய்விடும், அதனால் நடந்து போக முடியவில்லை. "நீங்க ஓடியே கொண்டு போறியளே, அது சாமி காதுல சீக்கிரம் விழும்."

பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்றார் டாக்டர். அந்தக் கணக்கில் அது அவளுக்குச் சரியான வேகம். ரப்பர் செருப்போடு, ஒரு கிலோமீட்டர் முழுக்க, மூச்சு வாங்காமல். என்னால் "ம்" மட்டும் சொல்ல முடிந்தது. முடிச்சைக் கொடுத்துவிட்டு, "எம் பேரு செல்வராணி. மறந்துராதீய," என்றாள். திரும்பி ஓடினாள், ஷிப்டுக்கு.

கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பற்றிப் பெருமையாக எழுத ஒன்றும் இல்லை. இடது கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. ஓர் ஆட்டுக்குட்டி என்னை முந்திச் சென்றது. '22' கல் தெரிந்தபோது அதன் மேல் பழனிச்சாமி பிளாஸ்க்கை வைத்திருந்தார். கல்லைத் தொட்டேன். உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது, பவர்டேபிள் மெஷினில் தையல் ஓடுகிற மாதிரி, நிறுத்த மனமில்லாமல். அப்பா, பெரியப்பா, அண்ணன் யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. கொஞ்சம் அழுதேன். வியர்வை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"ஓடிப்போட்டீங்க!" பழனிச்சாமி டீ ஊற்றினார். பிறகு என் பை புடைத்திருப்பதைப் பார்த்தார். ஏழு மஞ்சள் முடிச்சுகளையும் எடுத்துக் கல்லின் மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவர் மொபெட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நீங்கதான் வருஷா வருஷம் காரில் பழனிக்குப் போகிறீர்களே," என்றேன். "இதையும் போட்டுவிடுங்கள்."

சிரிப்பு நின்றது. "அது மட்டும் முடியாதுங்க."

இரண்டு மாதத்தில் முதல் தடவை.

"மன்னிச்சுக்கோணுமுங்க. உங்க கைய நம்பிக் குடுத்தது. நான் வாங்குனா எனக்குத் தூக்கம் வராதுங்க."

"சரி, நான் பஸ்ஸில் போய்ப் போட்டுவிடுகிறேன்."

"போலாமுங்க. ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க," என்றார், அவ்வளவு மரியாதையாக. அதற்கு மேல் பஸ்ஸில் ஏறுவது எனக்குச் சாத்தியமில்லாமல் போயிற்று.

அவர் கைப்பேசியில் சரோஜாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் பேரன் அழுதுகொண்டிருந்தான்.

"முப்பது வருஷமா நான் கூப்பிட்டேன். வரல," என்றாள். "இப்ப என்னை விட்டுட்டுத் தனியாப் போறீங்களா?"

"போகவில்லை சரோஜா. மாட்டிக்கொண்டேன்."

"எப்படியோ போங்க. நான் பூசத்தன்னிக்கு பஸ்ல வந்துர்றேன். புள்ளையை அவன் ஒரு நாள் பாத்துக்கட்டும்."

அங்கிருந்து பழனி ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள். முதல் நாள் கெண்டைக்கால் என்னை நொண்ட வைத்தது. தாராபுரம் வரவே இருட்டிவிட்டது. இரண்டாம் நாள் காலை அமராவதியில் கால் நனைத்தேன். எங்கள் காவிரியில் அந்த மாதம் இருப்பதைவிடத் தண்ணீர் அதிகம் என்பதை வயிற்றெரிச்சலோடு குறித்துக்கொள்கிறேன். காலணியைக் கழற்றச் சொன்னவர்களிடம் அது மட்டும் முடியாது என்றேன். பந்தலுக்குப் பந்தல் சாப்பாடு. இறக்கங்களில் ஓடினேன், மேடுகளில் நடந்தேன். மூன்று நாளும் இரண்டு கவலை என்னைத் தின்றன. ஒன்று, எந்த முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே வியர்வை. கிளம்பும் முன் பழனிச்சாமியிடம் இதைச் சொன்னபோது, "அவனுக்குத் தெரியாதுங்களா?" என்று மேலே கையைக் காட்டினார். அவனுக்குத் தெரியலாம். ஒப்படைக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? இரண்டாவது கவலை, பெயர்கள் மறந்துவிடும். அதனால் ஏழு பெயரையும் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் நடந்தவர்கள் நான் மந்திரம் சொல்வதாக நினைத்து ஒதுங்கி நடந்தார்கள்.

அடிவாரத்தில் சரோஜா காத்திருந்தாள். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "கை ஒரு பச்சையா இருக்கே," என்றாள். படியேறும்போதும் நான் முணுமுணுப்பதை நிறுத்தவில்லை. அறுநூற்றுச் சொச்சம் படி என்று கணக்கு வந்தது. பெயர்கள் நடுவில் புகுந்ததால் சரியான எண்ணிக்கைக்கு நான் பொறுப்பில்லை.

உண்டியல் முன்னால் வந்து நின்றபோது ஒரு தீர்வு தோன்றியது. எந்த முடிச்சு யாருடையது என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு முடிச்சுக்கும் ஏழு பெயரையும் சொல்லிவிட வேண்டியதுதான். யார் பெயரும் விட்டுப்போக வழியில்லை. முதல் முடிச்சை எடுத்து ஏழு பெயர் சொல்லிப் போட்டேன். இரண்டாவது. மூன்றாவதில் பின்னால் கூட்டம் சலசலத்தது.

"யோவ் பெருசு, நகருய்யா! உண்டியல் உன்னோடதா?"

"அவருக்கு ஏதோ பெரிய வேண்டுதல்ங்க, பொறுங்க."

"பெரிய வேண்டுதல்னா தனியா வரச் சொல்லுங்க!"

நான்கு. ஐந்து. கோயில் ஊழியர் என் தோளைத் தொட்டு, "போதுமுங்க சாமி," என்றார். இன்னும் இரண்டு இருக்கிறது என்று முடிச்சுகளைக் காட்டிவிட்டு, ஆறாவதை அவசரமாகச் சொல்லிப் போட்டேன். ஏழாவதை நிதானமாகச் சொன்னேன். முடிந்தது என்று திரும்பினேன்.

பின்னால் நின்ற சரோஜா அசையவில்லை.

"ஆறாவதுல செல்வராணியை விட்டுட்டீங்க," என்றாள்.

கூட்டம் என்னை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஊழியர் கையைப் பிடித்திருந்தார். கையை உதறிவிட்டுக் குனிந்து, உண்டியலின் துவாரத்தில் வாயை வைத்து, உள்ளே கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னேன்.